ஆறாம் குவளையில் மனிதன்

முஃபீதாவுக்கு ஒரு வியாதி இருந்தது. கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்க, உம்மா இருபத்தெட்டு என்று சொல்ல வாயெடுக்குமுன், முப்பத்தொரு வருடமும் நாலு மாதமும் என்று சொன்னவள் அவள். அதோடு நின்றாளா? முன்பல்லில் ஒன்று கட்டினது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். வந்தவர்கள் வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுவிட்டுப் போனார்கள். பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு கதையும் இல்லை. படிப்பு ஏற ஏற இது குறையும் என்று வாப்பா ஜவ்பர் நினைத்திருந்தார். பாவம் மனிதன். படிப்பு ஏற ஏற வியாதிதான் முற்றியது.

படித்தது என்ன என்று கேட்டால் அவளுடைய ஊரான கனமூலையில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. நான் சொல்கிறேன், பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மனித உடம்பில் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் செய்தி காவுகிற புரதங்கள் இருக்கின்றன. கைனேஸ் என்பது அதில் ஒரு சாதி. மேலே இருந்து வரும் சொல்லை வாங்கி, அடுத்த புரதத்தின் தலையில் ஒரு பொசுபேற்றுத் துண்டை ஒட்டிவிடும். ஒட்டுப்பட்டது எழும்பி வேலையைத் தொடங்கும். வந்த சொல் 'பெருகு' என்றால் கலம் பெருகும். வேலை இல்லாத நேரத்தில் கைனேஸ் தன்னுடைய வாலை மடித்துத் தன்னுடைய வாயிலேயே அடைத்துக்கொண்டு பேசாமல் கிடக்கும். அந்த வால் எப்படி மடிகிறது, வாயை எந்த இடத்தில் அடைக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கொழும்பில் மூன்று வருடமாக முஃபீதா பார்த்த வேலை.

கண்டுபிடிப்பதற்கு அந்தப் புரதம் பளிங்காக விளைய வேண்டும். விளைந்த பளிங்குக்குள் எக்ஸ் கதிரை விட்டால் அதன் உருவம் தெரியும். உப்பு விளைகிற புத்தளத்தில் பிறந்தவளுக்குப் பளிங்கு விளைவிப்பது பெரிய வேலையா என்று ஜவ்பர் கேட்டார். உப்பு வெயில் பட்டாலே விளையும் வாப்பா, இந்த முசீபத்துப் பிடித்த புரதம் மூன்று வருடத்தில் பதினொன்றுதான் விளைந்தது என்றாள். மணல் துகளைவிடச் சின்னது ஒவ்வொன்றும். ஒவ்வொன்றையும் ஒரு ஊசி நுனியில் உள்ள நைலோன் வளையத்தில் பிடித்து, திரவ நைதரசனுக்குள் போட்டு உறைய வைத்திருந்தாள். நைதரசனை விட்டு வெளியே எடுத்தால், 'சுபுஹானல்லாஹ்' என்று ஒரு தரம் சொல்லி முடிக்குமுன் பளிங்கு கெட்டுவிடும். பதினொன்றும் கெட்டால் மூன்று வருடமும் கெட்டது. அவளுடைய உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது; நாலாவது வருடம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

திங்கட்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து ஜப்பானுக்கு ஒரு பெட்டி போகிறது. அதில் ஏற்றிவிட்டால் அங்கே எக்ஸ் கதிர் அடிப்பார்கள். வியாழக்கிழமை எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெள்ளிக்கிழமை விடிய கேம்பஸில் ஸ்ரைக். வாசலைப் பூட்டி, விடுதியைப் பூட்டி, நைதரசன் ஊற்றுகிறவரும் கொடி பிடிக்கப் போய்விட்டார். என்ன ஸ்ரைக், எதற்கு ஸ்ரைக் என்று என்னிடம் கேட்க வேண்டாம், சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். முஃபீதா பதினொரு பளிங்கையும் ஒரு சின்னக் கேனில் நைதரசனோடு தூக்கிக்கொண்டு புத்தளம் போகிற நாலாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள். கேன் நிமிர்ந்து இருந்தால் நாலு நாளைக்குத் தாங்கும். மடியில் வைத்திருந்தவளை, வழியை மறைக்கிறது என்று கொண்டக்டர் எழுப்பி, சிலாபத்தில் அவள் சில்லறை எடுக்கிற நேரத்தில் கேனைச் சாய்த்துச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டான். மதுரங்குளியில் இறங்கும்போது பஸ் முழுக்க வெள்ளைப் புகை. சனம் குதித்து இறங்கிவிட்டது. கொண்டக்டர் அவளுக்குச் சிங்களத்தில் ஏசினான், அவள் அவனுக்கு நைதரசனின் கொதிநிலையைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து குச்சி விட்டுப் பார்த்தால் இரண்டு விரல்கட்டைதான் மிச்சம். அடுத்த நாள் மத்தியானம் தாண்டாது. முஃபீதா கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். உம்மா ஐஸ் பெட்டி வாங்கி வரவா என்று கேட்டாள். ஐஸ் காணாது உம்மா, இது நூற்றித் தொண்ணூற்றாறு பாகை சைபருக்குக் கீழே என்று அழுதுகொண்டே விளங்கப்படுத்தினாள். ஜவ்பர் ஓட்டோக்காரர், இந்தக் கரையில் எந்த வண்டியில் யார் என்ன ஏற்றிக்கொண்டு போகிறார் என்பது அவருக்குத் தெரியும். நூற்றித் தொண்ணூற்றாறு என்ற இலக்கத்தைக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்தார். அந்த இலக்கத்தை அவர் முன்னமே கேட்டிருக்கிறார். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற நிக்கொலஸ், தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருக்கிற கேனைப் பற்றிப் போகிற வருகிற எல்லாருக்கும் சொல்கிற பெருமை அது.

நிக்கொலஸ் கற்பிட்டிப் பக்கத்து ஆள். குடும்பத்தில் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் ஒருவர் மட்டும் படகில் வாந்தி எடுத்து, அரசாங்க வேலைக்கு வந்தவர். காளை மாட்டு விந்து நிரப்பின குழாய்களை நைதரசன் கேனில் உறைய வைத்துக்கொண்டு, சினைக்கு நிற்கிற பசு எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போய் ஊசி போடுவார். சனம் அவரை மாட்டு ஊசி என்றுதான் கூப்பிடும். கேம்பஸ் பிள்ளை ஒருத்தி தேடி வந்து 'சேர்' என்று கூப்பிட்டு உதவி கேட்டது பதினெட்டு வருடச் சேவையில் அதுதான் முதல் தரம். அந்த ஒரு சொல்லில் ஆள் குளிர்ந்துவிட்டார். ஆனாலும் அரசாங்க ஆள் அரசாங்க ஆள்தான். நைதரசன் லொறி திங்கள்தான் வரும், அதுவரை ஒரு சொட்டும் ஊற்றித் தரமுடியாது என்றார். வேண்டுமென்றால் ஒன்று செய்யலாம். அவருடைய கேனுக்குள் ஆறு குவளைகள் தொங்குகின்றன. ஆறாவது காலி. பளிங்குகளை அதற்குள் தொங்கவிடலாம், திங்கள் விடிய லொறி வந்ததும் அவளுடைய கேனை நிரப்பித் திருப்பித் தந்துவிடலாம்.

ஆனால் கேன் அவரோடு சுற்றும். பக்கத்துப் பகுதி ஊசிக்காரர் மாற்றலாகிப் போனதால் இரண்டு பேருடைய மாடும் இவர் தலையில். சினைக்கு நிற்கிற மாடு சனி ஞாயிறு பார்க்காது. அடுத்தது, கேனுக்குள் எது போனாலும் பதிவுக் கொப்பியில் எழுத வேண்டும். எழுதாமல் ஈ கூட உள்ளே போகாது என்றார் நிக்கொலஸ். கொப்பியை விரித்து, குவளை இலக்கம் ஆறு என்று எழுதி, அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, இனம் என்ன என்று கேட்டார்.

இங்கேதான் வேறு யாராவது என்றால் 'பளிங்கு' என்றோ 'ஆராய்ச்சிச் சாமான்' என்றோ சொல்லித் தப்பியிருப்பார்கள். முஃபீதா ஒரு நிமிடம் யோசித்தாள். ஜவ்பர் கண்ணைக் காட்டினார், அவளுக்குக் கண்ணெல்லாம் விளங்காது. புரதம் எந்த உயிரினத்துடையது என்றுதானே கேட்கிறார் என்று நினைத்து, மனிதன் என்று சொன்னாள். நிக்கொலஸ் எழுதுகிறதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு, படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மணியான எழுத்தில் எழுதினார். எங்கிருந்து பெறப்பட்டது: முஃபீதா ஜவ்பர், கனமூலை. எண்ணிக்கை: பதினொன்று.

சனிக்கிழமை காலை நிக்கொலஸின் மோட்டார் சைக்கிள் முன்னால், ஜவ்பரின் ஓட்டோ பின்னால். மூன்று வருடத்தைக் கண்ணுக்கு மறைவில் விடமாட்டேன் என்று முஃபீதா ஒற்றைக் காலில் நின்றதால்தான் இந்த ஊர்வலம். குழி ஒவ்வொன்றிலும் கேன் குலுங்க, மெல்லப் போங்க சேர் என்று இவள் பின்னாலிருந்து கத்தினாள். பாலாவியில் ஒரு மாடு, மாம்புரியில் ஒரு மாடு. இரண்டு இடத்திலும் சொந்தக்காரர் கொப்பியில் கையொப்பம் போட்டார்கள். எங்கே போடுவது என்று விரலால் காட்டின இடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள், மேலே கீழே பார்க்கவில்லை. மூன்றாவது எத்தாளை, மீராசாஹிபின் மாடு.

மீராசாஹிப் தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தைத் துரத்தினபோது மன்னாரிலிருந்து பத்தொன்பது வயதில் வெறுங்கையோடு வந்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு எழும்பின மனிதர். உறுதிப் பத்திரத்தை வாசிக்காமல் கைச்சாத்துப் போட்டு ஒரு தரம் காணியை இழந்தார். அன்றிலிருந்து அவர் கையொப்பம் போடுமுன் வாசிப்பார். சும்மா வாசிக்க மாட்டார். கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டு, மேலே அச்சடித்த எழுத்திலிருந்து கீழே அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசிப்பார். மின்சார பில் கொண்டு வருகிற பொடியன் அவர் வீட்டுக்கு வந்தால் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவான்.

மாடு தொழுவத்தில் கத்திக்கொண்டு நின்றது. நிக்கொலஸ் கையுறையைப் போட்டுக்கொண்டு, நேரம் போகுது ஹாஜியார், கையெழுத்தைப் போடுங்க என்றார். மீராசாஹிப் மரத்தடியில் கதிரை போட்டு இருந்து வாசித்துக்கொண்டு போனார். ஒன்று, ஜேர்சி. இரண்டு, சாஹிவால். மூன்று, பிரீசியன். நாலும் ஐந்தும் மறுபடி ஜேர்சி. ஆறில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். மனிதன், முஃபீதா ஜவ்பர், கனமூலை, பதினொன்று என்று சத்தமாக வாசித்துவிட்டு, ஓட்டோவில் இருந்த ஜவ்பரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை ஜவ்பர் மௌத்தாகும் வரைக்கும் மறக்கமாட்டார்.

"நிக்கொலஸ், இந்தக் கேனுக்குள்ள மனுசன்ட சாமானும் இரிக்கா?"

ஜவ்பர் ஓட்டோவை விட்டுப் பாய்ந்து இறங்கி, அது மகள் கொண்டுபோகிற தடுப்பூசி மருந்து, எழுதும்போது பிழைத்துவிட்டது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மீராசாஹிபின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எல்லாம் அந்த இடத்தில் முடிந்திருக்கும்.

"இல்ல வாப்பா, மருந்தில்ல," என்றாள் முஃபீதா. "எழுதினது சரிதான். மனுசப் புரதம்."

ஜவ்பர் தலையில் கையை வைத்துக்கொண்டு மிதிபலகையில் இருந்துவிட்டார். மீராசாஹிப் எழும்பினார், நடந்து போய் மோட்டார் சைக்கிளின் சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரே தண்ணியில் மனிதனுடையதும் மாட்டினுடையதும் ஊறுகிற கேனிலிருந்து தன் மாட்டுக்கு ஊசி போட்டால், பிறக்கிற கன்று என்ன கன்று, கறக்கிற பால் ஹலாலா ஹறாமா, அதைப் பள்ளிவாசல் கஞ்சிக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் மூக்கு வியர்த்து மூன்று நாலு பேர் வேலியோரம் கூடிவிட்டார்கள். ஒருவர் மௌலவிக்குக் கோல் எடுத்தார். மௌலவி பள்ளிவாசல்துறையில் ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, மறுபடி சொல்லுங்க என்றார். மறுபடி கேட்டுவிட்டு, கிதாபைப் பார்த்து அஸர் தொழுகைக்குப் பிறகு சொல்வதாகச் சொல்லிப் போனை அணைத்துவிட்டார். அஸருக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம். மாடு அவ்வளவு நேரம் நில்லாது என்றார் நிக்கொலஸ்.

இந்த நேரத்தில் முஃபீதா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நல்லெண்ணத்தோடுதான் திறந்தாள். பயப்பட வேண்டாம் மாமா, இது எந்த மனிதனுடைய உடம்பிலிருந்தும் எடுத்தது இல்லை, மனிதனுடைய புரதம் எப்படிச் செய்யப்படுகிறது என்ற குறிப்பை மட்டும் வைத்து வேறொன்றின் கலத்துக்குள் செய்வித்தது என்றாள். அப்படியா என்று மீராசாஹிப் தணிந்தார். வேறொன்று என்றால் எது என்றார். பூச்சி என்றாள். என்ன பூச்சி என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். ஒரு அந்துப்பூச்சியுடைய புழு என்றாள். இந்த நாட்டில் இருக்கிறதா என்று கேட்டார் மீராசாஹிப். சொல்லாதே என்று ஜவ்பர் கும்பிடாத குறை.

"இரிக்கு மாமா. சோளத்துக்கு வந்திச்சே, சேனாப் புழு. அதுதான்."

மீராசாஹிப் இரண்டு ஏக்கர் சோளம் போட்டு, ஒரு கிழமைக்குள் அந்தப் புழுவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத் தண்டைக் கொளுத்தின மனிதர். இரவில் கனவிலும் அதன் பெயரைச் சொல்லி ஏசுகிறவர். முகம் கறுத்துவிட்டது. அந்தப் புழுவின் கலம் வெளிநாட்டில் நாற்பது வருடத்துக்கு மேலாகப் போத்தலுக்குள் வளர்கிறது, ஒரு சோள இலையைக் கண்ணால் கண்டதில்லை என்று முஃபீதா சொன்னது யாருக்குக் கேட்டது? வேலியோரத்தில் ஒருவர், மனிதனும் புழுவும் மாடும் ஒரே கேனில் என்றார். இன்னொருவர் அதைக் கைத்தொலைபேசியில் யாருக்கோ அனுப்பிக்கொண்டு நின்றார்.

மீராசாஹிப் கேனுக்குக் கிட்டப் போய் மூடியில் கையை வைத்தார். ஆறாம் நம்பரைத் தூக்கிச் சாணிக் குவியலில் கொட்டினால் சாவி கிடைக்கும், மாட்டுக்கு ஊசியும் போடலாம், எல்லாரும் போகலாம் என்றார். நிக்கொலஸ் இடையில் வந்து நின்றார். அந்தக் கேனுக்குள் தன்னுடைய நூற்றி நாற்பது குழாயும் இருக்கிறது, மூடியைக் கண்டபடி திறந்தால் தனக்கும் வேலை போய்விடும் என்று கெஞ்சினார். மீராசாஹிப் கையை எடுக்கவில்லை.

முஃபீதாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் வராத கோபம், ஸ்ரைக்கில் வராத கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. ஓடிப் போய் கேனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கொட்டச் சொல்ற சாமான் உங்கட உடம்பிலயும் இரிக்கு மாமா, என்ட உடம்பிலயும் இரிக்கு. பெருகு என்டு சொல்லத்தான் வாயைத் திறக்கும், மற்ற நேரம் தன்ட வாலை வச்சு வாயை அடைச்சிக்கொண்டிரிக்கும். வால் உடைஞ்சா வாய் மூடாது. மூடாட்டி கலம் பெருகிக்கொண்டே போகும், அதுக்குப் பேர்தான் கென்சர். வாய் என்ன உருவம் என்டு தெரிஞ்சாத்தான் அதை அடைக்கிற குளிசை செய்யலாம். அதுக்குத்தான் இந்தப் பதினொன்டும். மூனு வருசம். கொட்டுங்க, கொட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மீராசாஹிப் வாயெடுக்குமுன் குசினிக் கதவடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய மனைவி றுக்கியா, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மாடு அவளுடையது, வளர்க்கிறதும் கறக்கிறதும் அவள். மெலிந்த மனுசி. நாலு வருடமாக மகரகம கென்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் வந்த நோய்க்குக் குளிசை எடுத்து வருகிறாள் என்பது எத்தாளையில் எல்லாருக்கும் தெரியும், சத்தமாக ஒருவரும் சொல்வதில்லை.

வாயை அடைக்கிற குளிசை என்றீர்களே, அது எப்படிப்பட்டது என்று முஃபீதாவிடம் கேட்டாள். அவள் சொல்ல, றுக்கியா உள்ளே போய் வெறும் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினாள். முஃபீதா பெயரை வாசித்தாள். ஓம் மாமி, இது அந்தச் சாதிக் குளிசைதான், உங்களுக்குப் பழுதானது என்னுடைய புரதம் இல்லை, அதனுடைய ஒன்றுவிட்ட சகோதரம், இந்தக் குளிசை போய் அந்தச் சகோதரத்தின் வாயில் அடைத்துக்கொண்டு நிற்கும் என்றாள். மீராசாஹிப் கேன் மூடியிலிருந்து கையை எடுத்தார். தன் வீட்டு நோய்க்கு ஒரு வாய் இருக்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை.

றுக்கியா மாட்டைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"குளிசையை நிப்பாட்டினா புள்ள? அது திரும்ப வாயைத் திறக்குமா?"

முஃபீதாவுக்கு ஒரு பொய் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் அதைச் சொல்லியிருப்பாள். ஓம் மாமி, திறக்கும் என்றாள். எப்ப நிப்பாட்டினீங்க என்றும் கேட்டாள்.

இரண்டு மாதம். குளிசை குடித்தால் காலையில் வயிற்றைப் பிரட்டுகிறது, சாணி மணம் மூக்கில் பட்டால் வாந்தி, கறக்க முடியவில்லை. கறக்காவிட்டால் மாடு கெட்டுவிடும், மாடு கெட்டால் இவர் சத்தம் போடுவார். உடம்பு சுகமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள். கிளினிக்குக்கு மட்டும் ஒழுங்காகப் போய், குளிசையை வாங்கி வந்து அலுமாரியில் அடுக்கி வைத்தாள். இவ்வளவையும் வேலியோரம் சனம் நிற்க, அடுப்பில் சோறு வேகிறது என்று சொல்கிற மாதிரிச் சொல்லி முடித்தாள்.

மீராசாஹிப் எல்லாவற்றையும் வாசிக்கிற மனிதர். பெட்டியில் ஒட்டின துண்டை மாதாமாதம் அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசித்திருக்கிறார். வீட்டுக்குள் இருந்த மனுசியின் முகத்தை மட்டும் இரண்டு மாதமாக வாசிக்கவில்லை. அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. அப்படி ஒரு பயத்தை மன்னாரை விட்டு வந்த அன்றைக்குப் பிறகு அவர் பட்டதில்லை.

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து குளிசைப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கோப்பையில் தண்ணீர். விட்டதையெல்லாம் சேர்த்துக் கொடுப்பதா, ஒன்று கொடுப்பதா என்று முஃபீதாவைக் கேட்டார். ஒன்றுதான் மாமா, கூடக் கொடுக்கக் கூடாது, முதலில் கிளினிக்குக்குக் கோல் எடுத்து விட்டதைச் சொல்லி அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள், நான் அந்த டொக்டர் இல்லை என்றாள். கொடுக்கப்போன கை அப்படியே நின்றது. அந்த இடத்திலேயே கோல் எடுத்தார். பதில் வரும்வரைக்கும் கதிரையில் இருக்காமல் நின்றார். இன்றைக்கு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள், திங்கள் வந்து இரத்தம் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். றுக்கியா விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டு என்றார் மீராசாஹிப். இவ்வளவு சனத்துக்கு முன்னாலயா என்று அவள் கேட்டாள். காட்டு என்றார். காட்டினாள். நாக்குக்குக் கீழேயும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

அப்போது நிக்கொலஸ், மாட்டுக்கு இனி ஒரு மணித்தியாலம்தான் மிச்சம், என்ன செய்வது என்று மெல்லக் கேட்டார். மீராசாஹிபுக்கு மாடே மறந்துபோயிருந்தது. மௌலவி அஸருக்குப் பிறகுதானே சொல்வார் என்று இழுத்தார். றுக்கியா விடவில்லை.

"மனுசன்ட சாமான் இரிக்கிற கேன் என்டு நிக்கிறீங்க. அந்தச் சாமான் இரிக்கிற கையாலதானே நான் இவ்வளவு காலமும் கறந்து தந்தன். குடிச்சீங்கதானே."

வேலியோரம் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மீராசாஹிப் சாவியை எடுத்து நீட்டினார், கொப்பியையும் வாங்கிக் கையொப்பம் போட்டார். மிச்சத்தை வாசிக்கவில்லை. நிக்கொலஸ் மூன்றாம் குவளையிலிருந்து ஒரு குழாயை எடுத்து வேலையை முடித்தார். அஸருக்குப் பிறகு மௌலவி கோல் எடுத்து, வெவ்வேறு குவளை என்றால் ஒரு தடையும் இல்லை என்று சொன்னாராம். அதற்குள் மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஓட்டோவில் ஏறப்போன முஃபீதாவின் கையை றுக்கியா பிடித்துக்கொண்டாள். அந்த வாயின் படம் வந்தால் தனக்கும் காட்டவேண்டும் என்றாள். பதினொன்றில் பாதி ஏற்கெனவே வெடித்திருக்கலாம், மிச்சம் எக்ஸ் கதிரில் ஒன்றும் காட்டாமல் போகலாம், ஜப்பானில் பெட்டியைத் தவறவிடலாம் என்பதெல்லாம் முஃபீதாவுக்குத் தெரியும். சொல்ல வாயையும் எடுத்தாள். ஜவ்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாயம் காட்டுறன் மாமி என்றாள். தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டேனே என்று ஓட்டோ கண்டக்குழி தாண்டும் வரைக்கும் தன்னைத்தானே ஏசிக்கொண்டு வந்தாள்.

திங்கள் விடியற்காலை லொறி வந்தது, கேன் நிரம்பியது, மீராசாஹிப் பிடித்த வானில் கொழும்புக்குப் போனது. முன்சீட்டில் றுக்கியா கிளினிக்குக்கு, பின்சீட்டில் முஃபீதா, நடுவில் முழங்காலுக்கிடையில் கேனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மீராசாஹிப். சாரதி சிலாபத்தில் ஒரு பள்ளத்தில் இறக்கினதற்கு நீர்கொழும்பு வரைக்கும் ஏச்சு வாங்கினான்.

ஒன்பது பளிங்கு ஒன்றும் தரவில்லை. ஒன்று மங்கலாக எதையோ காட்டியது. ஒன்று தந்தது. அதை வைத்துக் கணக்குப் பார்த்துப் படம் வரைந்து முடிக்க எட்டு மாதம் போனது. முஃபீதா லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எத்தாளைக்குப் போனபோது, மீராசாஹிப் மாடு உதைத்த முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். இப்போது கறக்கிறது அவர்தான்; மாட்டுக்கு அது இன்னும் பிடிக்கவில்லை.

றுக்கியா கொஞ்சம் சதை வைத்திருந்தாள். மேசையில் வைத்த திரையைக் கிட்டக் குனிந்து பார்த்தாள். பச்சையும் நீலமுமாக, அவிழ்த்துப் போட்ட றிபன் கும்பல் ஒன்று. இவ்வளவுதானா என்றாள். ஓம் மாமி, இவ்வளவுதான் என்றாள் முஃபீதா. இதற்காகத்தான் ஒவ்வொரு நாளும் காலையில் வாந்தி எடுக்கிறேனா என்று கேட்டாள். இல்லை, இது அதனுடைய ஒன்றுவிட்ட சகோதரம் என்று முஃபீதா திருத்தினாள். குணம் ஒன்றுதானே என்றாள் றுக்கியா. பிறகு வாய் எங்கே என்று கேட்டாள்.

முஃபீதா படத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு மடிப்புக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி, வால் வந்து அடைக்கிற இடம். றுக்கியா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, திரையில் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். அழுத்தினபடியே இருந்தாள். திரை பழுதாகும் மாமி என்று முஃபீதா சொல்லவில்லை.